தொகையுள் ஒன்று

பல புலவர் பாடிய செய்யுட்களை ஒருங்கு கோத்துத் தொகை நூலாக வைத்துக் காத்தல் நம் முன்னோர் கண்ட நன்முறையாகும். எட்டுத்தொகை என்னும் பெயரே அதற்குச் சான்று பகரும். ஒவ்வொரு செய்யுளுக்கும் பாடினார் பெயரும், கூற்றுக் குறிப்பும், நிற்கும் இடமும் வகுத்து வைத்த தொகுப்பாசிரியரது உழைப்பு இல்லையேல், இன்று நாம் வகுப்பிற் பயிலும் செய்யுட்களுட் பல நமக்கு எட்டியிரா. அந்நூல்கள் ஏட்டினின்றும் அச்சிற்கு வந்தன. இந்நாளில் அச்சினின்றும் கணினித் திரைக்கு வருகின்றன. இங்ஙனம் இடம் பெயருந்தோறும், தொகையிலுள்ள ஒவ்வொன்றையும் எவ்வாறு காட்டுவது என்னும் வினா புதிதாக எழுகின்றது. அவ்வினாவை வலைச்செயலி என்னும் துறையில் வைத்து, ஐங்குறுநூற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம். கணினி பயிலாத தமிழ் மாணவரும் தமிழ் பயிலாத கணினி மாணவரும் ஒருங்கே படித்துணருமாறு எழுத முயன்றுள்ளோம்.

நூலின் அமைப்பு

முதற்கண் நூலின் அமைப்பினை நோக்குவோம். ஐங்குறுநூறு மூன்றடிச் சிறுமையும் ஆறடிப் பெருமையும் உடைய 500 அகவற் பாக்களின் தொகை. மருதம் நூறும் ஓரம்போகியாரும், நெய்தல் நூறும் அம்மூவனாரும், குறிஞ்சி நூறும் கபிலரும், பாலை நூறும் ஓதலாந்தையாரும், முல்லை நூறும் பேயனாரும் பாடினர். இதனைத் தொகுத்தார் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார்; தொகுப்பித்தான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பெற்றுள்ளது. எனவே, ஐந்து திணை, திணைக்குப் பத்துப் பகுதி, பகுதிக்குப் பத்துப் பாட்டு என, தொகைக்குள் தொகையாக அமைந்த ஒழுங்குடையது இந்நூல். முகப்பிலே பாரதம் பாடிய பெருந்தேவனார் இயற்றிய கடவுள் வாழ்த்து நிற்கின்றது. அஃது ஐந்நூற்றின் எண்ணில் அடங்காதது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1903-ஆம் ஆண்டில் இதனை அச்சிட்டு உதவினார்கள்.

இவ்வளவு ஒழுங்குடைய நூலில் ஒரு குறை உண்டு. நெய்தலிற் ‘கிழவற்குரைத்த பத்து’ என்னும் பகுதியின் இறுதியிலுள்ள 129, 130 ஆம் பாடல்கள் கிடைத்தில. இக்குறையே எமக்கு ஆசிரியனாய் அமைந்தது. அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம்.

காட்சியும் அதன் கடமையும்

வலைச்செயலி என்பது, படிப்பார் ஒருவர் ஒரு பக்கத்தை வேண்டியவழி, அப்பக்கத்தை அப்பொழுதே ஆக்கித் தரும் நிரல். அச்சுப் புத்தகத்தின் பக்கம் முன்னரே ஆக்கப்பட்டுக் கிடப்பது. இதுவோ கேட்டபின் ஆக்கப்படுவது. இவ்வாறு ஆக்கும் வேலையை மூன்றாகப் பகுத்துக் கொள்ளும் முறை ஒன்று உண்டு. நார்வே நாட்டறிஞராகிய திரிக்வே ரீன்ஸ்கௌக் என்பார் 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஸெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது வகுத்தது அது. பொருளைப் பேணுவது ஒன்று. வேண்டுகோளை ஏற்று இடைநின்று நடத்துவது ஒன்று. பொருளைக் கண்ணுக்குக் காட்டுவது ஒன்று. இவை முறையே மாடல், கன்ட்ரோலர், வியூ எனப்படும். ஈண்டு நாம் கருதுவது மூன்றாவதாகிய வியூ என்னும் காட்சிப் பகுதியே.

இம்முறையைக் கைக்கொண்ட சட்டகங்கள் பல. அவற்றுள் ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ என்பதனை யாம் எடுத்துக்கொண்டோம். ரூபி என்பது ஜப்பானியராகிய யுகிஹிரோ மத்ஸுமோத்தோ படைத்து 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட நிரல்மொழி. அம்மொழியில் வலைச்செயலி எழுதுதற்குரிய ரெயில்ஸ் என்னும் சட்டகத்தை டென்மார்க் நாட்டினராகிய டேவிட் ஹைன்மையர் ஹான்ஸன் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இனி, தொகையிலுள்ள பாடல்களைத் திரையிற் காட்டும் வழிகள் மூன்று. பாடல் ஒவ்வொன்றையும் பக்கத்திற் கையால் எழுதி அமைத்தல் ஒன்று. அங்ஙனமாயின், புலவர் பெயரைப் பாடலுக்கு மேலே வைக்காது கீழே வைக்க வேண்டுமென ஒருநாள் எண்ணினால், ஐந்நூறு இடத்திலும் கை வைத்தல் வேண்டும். பக்கத்தின் நடுவே ‘இத்தொகையிலுள்ள ஒவ்வொன்றற்கும் இவ்வாறு செய்க’ என ஒரு சுழற்சியை எழுதி, அதன் வயிற்றினுள்ளே பாடலின் வடிவத்தை அமைத்தல் மற்றொன்று. இது முன்னையதினும் நன்று. ஆயினும் அதே பாடலைத் தேடல் பக்கத்திலும், புலவர் பக்கத்திலும் காட்ட வேண்டின், அவ்வடிவத்தை ஆங்காங்கே மீண்டும் எழுத நேரும். ஒரு பாடலின் வடிவத்தை மட்டும் தனிக் கோப்பாக எழுதி வைத்து, தொகையை அதனிடம் ஒப்படைத்தல் மூன்றாவது. இத்தனிக் கோப்பினைப் ‘பார்ஷியல்’ என்பர்; யாம் வார்ப்பு என்போம். ரெயில்ஸில் இதன் கோப்புப் பெயர் அடிக்கோட்டுக் குறியுடன் தொடங்கும். அதனைக் கண்ட அளவில், இது தனித்து நிற்கும் பக்கமன்று, பிறிதொரு பக்கத்தின் உறுப்பு என அறியலாம்.

வெல்லம் காய்ச்சுவோர் அச்சுப் பலகையில் பாகினை வார்த்தலை நாம் கண்டிருக்கின்றோம். அச்சு ஒன்று, கட்டிகள் பல. கட்டியின் வடிவத்தை மாற்ற விரும்புவோர் கட்டிகளைச் செதுக்கார், அச்சினை மாற்றுவர். பாடல் வார்ப்பும் அத்தகையதே. தொகையைக் கொடுத்தால், சட்டகம் வார்ப்பினை ஒருமுறை தேடி எடுத்து, தொகையிலுள்ள பாடல் ஒவ்வொன்றையும் அதன் கையிற் கொடுத்து வாங்கி, வந்தவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பக்கத்தில் வைக்கின்றது. சுழற்சியை நாம் எழுத வேண்டுவதில்லை.

பாடல்களுக்கு இடையே ஒரு கோடோ பூங்குறியோ வைக்க விரும்பினும் அதனை வார்ப்பினுள் எழுதலாகாது. எழுதினால் இறுதிப் பாடலுக்குப் பின்னும் வேண்டாத கோடு ஒன்று நிற்கும். இரண்டற்கும் இடையே மட்டும் வருமாறு ‘ஸ்பேசர்’ என்னும் இடைவார்ப்பு தனியே உண்டு.

கடவுள் வாழ்த்தினை என் செய்வது? அதற்குத் திணையில்லை, பத்தில்லை, எண்ணும் இல்லை. அதனைப் பாடல் வார்ப்பில் வார்த்தால், ‘திணை’ என்னும் சொல்லுக்கு எதிரே வெற்றிடமே காணப்படும். அதற்கு வேறொரு வார்ப்பு எழுதி, அதனைத் தரவில் வேறு வகுப்பாக வைத்தோம். பொருளின் வகுப்பினை நோக்கி அதற்குரிய வார்ப்பினைச் சட்டகம் தானே தெரிந்து கொள்ளும். ஆகவே, ஒரே தொகையில் இரு வகைப் பொருளும் கலந்து வரினும், ஒவ்வொன்றும் தனக்குரிய வடிவிலே தோன்றும். வேறானதனை வேறானதாகக் காட்டுதலும் காட்சியின் கடமையே.

எண்ணில் நேர்ந்த இழுக்கு

இனி, முன்னர்க் குறித்த வரலாற்றினைக் கூறுவோம். எம் வகுப்பு மாணவர் பயன்கருதி, ஐங்குறுநூற்றுக்கு ஒரு சிறு வலைச்செயலி அமைத்தோம். கிடைத்த பாடல்கள் 498-ஐயும் தரவுத்தளத்தில் இட்டோம். இட்டபோது, ஒவ்வொன்றற்கும் எண்ணினைத் தனியே எழுதுதல் வீண் வேலையென எண்ணினோம். என்னை? தொகையினை வார்ப்பிடம் கொடுக்குங்கால், இது தொகையில் எத்தனையாவது என்பதனை அறிவிக்கும் ‘கௌண்டர்’ ஒன்றினை ரெயில்ஸ் தானே உடன் அனுப்புகின்றது. அது சுழியில் தொடங்குவது. எனவே ஒன்று கூட்டி, அதனையே பாடலின் எண்ணாக அச்சிட்டோம். முதற் பாடல் 1 என வந்தது. நூறாவது 100 என வந்தது. மகிழ்ந்தோம்.

சின்னாட் கழித்து, கிழவன் கார்ப்பருவம் கண்டு பாராட்டும் முல்லைப் பாடலொன்றை எம் பருவக் கட்டுரையில் எடுத்தாண்டு, திரையில் நின்ற எண்ணை நம்பி, ‘ஐங்குறுநூறு, 409’ எனக் குறித்தோம். கட்டுரையைப் படித்த ஆசிரியர் ஒன்றும் கூறாது புத்தகத்தை எம்மிடம் நீட்டி, ‘409-ஐப் படியுங்கள்’ என்றார். படித்தோம். அது செவிலி கூற்று! யாம் கருதிய பாடலோ 411 ஆகும். கிழவன் பருவம் பாராட்டுப் பத்தின் முதற்பாட்டு. கிழவன் மொழிந்ததனைச் செவிலியின் வாயில் வைத்துவிட்டோம். எம் பக்கத்தைப் பார்த்து எழுதிய தோழர் இருவரும் அவ்வாறே பிழைபட எழுதியிருந்தனர். எம் பிழை எம்மோடு நின்றிருந்தால் நாணத்தோடு போயிருக்கும். பிறர் கட்டுரையிலும் புகுந்தமையின் வருத்தமும் உடன் சேர்ந்தது.

பிழையின் வேர் யாண்டுளது? 129, 130 ஆம் பாடல்கள் இல்லாமையால், 131-ஆம் பாடல் தொகையில் 129-ஆவதாக நின்றது. அது முதல் இறுதி வரை 370 பாடல்களும் இரண்டிரண்டு எண் குறைந்து தோன்றின. முல்லைத் தலைப்பின் கீழே முதற்பாட்டு 401 என நில்லாது 399 என நின்றதனைக் கண்டும் கண்டிலேம். நூல் 498 என முடிந்ததும் எம்மைத் துயிலெழுப்பவில்லை.

ஈண்டு உணரற்பாலது யாது? பொருளின் இடம் வேறு. பொருளின் பெயர் வேறு. கௌண்டர் கூறுவது, இப்பொழுது கொடுக்கப்பட்ட தொகையில் இஃது எத்தனையாவது என்பதொன்றே. குறிஞ்சி நூற்றை மட்டும் தனியே காட்டின், 201-ஆம் பாடலையும் அது முதலாவது என்றே கூறும். ‘யானை’ என்னும் சொல்லைத் தேடி மூன்று பாடல் கிடைப்பின், அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்றே எண்ணும். அது பொய் கூறவில்லை. யாமே கேட்கத்தகாத வினாவை அதனிடம் கேட்டோம். வரிசைகளுக்கு மாறி மாறி நிறம் தீட்டவும், முதலதனையும் இறுதியதனையும் வேறுபடுத்தவும் அது உதவும். பாடலின் எண்ணோ பாடலோடு பிறந்ததாகத் தரவிலேயே எழுதப்பட வேண்டும்.

அற்றேல், தரவுத்தளம் ஒவ்வொரு பதிவிற்கும் தானாக இடும் ‘ஐடி’ எண்ணினைக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. ஒரு பதிவினை நீக்கி மீண்டும் இட்டால் அது புதிய எண் பெறும். முதற்பாட்டே 499 என்னும் ஐடி பெற்றுவிடலாம். ஆகவே எண்கள் மூன்று என்க: தொகையில் நிற்கும் இடம், பதிவின் ஐடி, பாடலின் எண். படிப்பார்க்குக் காட்டுவதற்கும், பக்கத்தின் முகவரியில் அமைப்பதற்கும் உரியது மூன்றாவதே.

பெயரும் இவ்வாறே ஏமாற்றும். பத்துக்களின் தலைப்பினைக் கொண்டு பாடல்களைக் குழுவாக்க முயன்றோம். ‘தோழிக்குரைத்த பத்து’ என்னும் பகுதியில் இருபது பாடல்கள் வந்து நின்றன. பத்தில் இருபது எங்ஙனம் வரும்? ஆராய்ந்தபோது, மருதத்தில் நான்காம் பத்துக்கும் நெய்தலில் இரண்டாம் பத்துக்கும் அஃதொன்றே தலைப்பெனக் கண்டோம். ஓரம்போகியாரும் அம்மூவனாரும் எம் திரையில் ஒரே வீட்டிற் குடியேறியிருந்தனர். திணையும் பத்தின் வரிசையும் சேர்ந்தே ஒரு பத்தினை அடையாளங் காட்டும். தலைப்பு மட்டும் காட்டாது.

இல்லாததனைக் காட்டுதல்

இழுக்கினைத் திருத்தப் புகுந்தபோது, இல்லாத இரண்டு பாடல்களையும் என் செய்வது என்னும் வினா எழுந்தது. எண்ணினை மட்டும் சரிசெய்து, 128-க்கு அடுத்து 131 என விட்டுவிடலாம். ஆயின், படிப்பவர் கணினிதான் இரண்டினை விழுங்கிற்று என ஐயுறுவர். ஆதலின், 129, 130 என்னும் எண்களுக்கும் பதிவுகள் அமைத்து, திணையும் பத்தும் குறித்து, பாடல் என்னும் இடத்தை வெறுமையாக விட்டோம். வார்ப்பிற்கு இரண்டு முகம் கொடுத்தோம். பாடல் உண்டெனின் அதனைக் காட்டுக. இன்றெனின், எண்ணினைக் காட்டி, ‘இப்பாடல் கிடைத்திலது’ என்னும் தொடரைக் காட்டுக என்பது கட்டளை.

இதனோடு மயங்கற்பாலதல்லாத மற்றொரு வெறுமை உண்டு. தேடிய சொல் எப்பாடலிலும் இல்லையெனின், தொகையே வெறுந்தொகையாகும். வெறுந்தொகையை வார்ப்பிடம் கொடுத்தால், வார்ப்பு ஒருமுறையேனும் இயங்காது. சட்டகம் ‘ஒன்றுமில்லை’ என்னும் விடையைத் திருப்பித் தரும். திரை வெளிறிக் கிடக்கும். அவ்விடையைக் கண்டு, ‘இச்சொல் வரும் பாடல் இந்நூலில் இல்லை’ என அறிவித்தல் பக்கத்தின் கடமை, வார்ப்பின் கடமையன்று. ஒன்று தேடியது இல்லாமை. மற்றொன்று இருந்தது இழந்தமை. இரண்டற்கும் ஒரே வெற்றிடத்தைக் காட்டுதல் படிப்பாரை மயக்குவதாம்.

வார்ப்பு வெளியே செல்லலாகாது

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். பாடலின் கூற்றுக் குறிப்புக்களைத் தனி அட்டவணையில் வைத்திருந்தோம். வார்ப்பினுள்ளே, பாடல் ஒவ்வொன்றற்கும் ‘இதன் குறிப்பு யாது?’ எனக் கேட்டு எழுதியிருந்தோம். ஐந்நூறு பாடலையும் ஒரே பக்கத்திற் காட்டியபோது பக்கம் வருதற்கு நெடும்பொழுதாயிற்று. காரணம், பாடல்களைக் கொணர ஒருமுறையும், குறிப்புக்களைக் கொணர ஐந்நூறு முறையும் ஆக, 501 முறை தரவுத்தளத்தின் வாயிலைத் தட்டியிருந்தோம். விருந்தினர் ஐந்நூற்றுவர்க்கும் இலை போட்டபின், ஒவ்வொருவர் இலைக்கும் உப்பு வாங்க ஒவ்வொரு முறை கடைக்கு ஓடிய கதை இது. பாடல்களை வேண்டும்போதே குறிப்புக்களையும் உடன் வேண்டுமாறு கட்டளையிட ரெயில்ஸில் ‘இன்க்ளூட்ஸ்’ என்னும் சொல் உண்டு. அதனை இட்டபின் 501 முறை இரண்டு முறையாகக் குறைந்தது. எனவே, வேண்டியன அனைத்தையும் முன்னரே கொணர்ந்து கொடுத்தல் இடைநிற்பதன் கடமை. கையிற் கொடுத்ததனைக் காட்டுதல் மட்டுமே வார்ப்பின் கடமை எனக் கொள்க.

திருத்தம் முடிந்தபின் மூன்று சோதனைகளை நிரலாகவே எழுதி வைத்தோம். இறுதிப் பாடலின் எண் 500 ஆக இருத்தல் வேண்டும். ஐம்பது பத்தினும் பத்துப் பத்துப் பதிவு இருத்தல் வேண்டும். 128-ஐ அடுத்து 129 நிற்றல் வேண்டும். செயலியில் எதனை மாற்றினும் இம்மூன்றும் தேறிய பின்னரே வெளியிடுகின்றோம். பிழையுற எழுதிய தோழர் இருவரிடமும் சென்று, எம் பிழையை எடுத்துக் கூறி, எண்களைத் திருத்துவித்தோம்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? தொகையைக் காட்டுதல் எளிது. தொகையுள் ஒன்றினை அதற்குரிய பெயரோடும் எண்ணோடும் இடத்தோடும் காட்டுதலே அரிது. இயந்திரம் எண்ணும், எது எது என அறியாது. அறிவித்தல் நம் கடன்.

நூறு ஆடுடைய மேய்ப்பன் ஒருவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையைச் சிற்றாலயப் பள்ளி நாள் முதல் கேட்டு வருகின்றோம். ஒன்று குறைந்ததென அவன் அறிந்தது எவ்வாறு? எஞ்சியவற்றை ஒன்று முதல் மீண்டும் எண்ணி, ‘எல்லாம் சரி’ என்று அவன் அமைந்திருந்தால், காணாமற் போனதனைத் தேடப் புறப்பட்டிருப்பானல்லன். எம் நெய்தல் நூற்றில் தொண்ணூற்றெட்டே உள்ளன. அவ்விரண்டும் என்றேனும் ஓர் ஏட்டினின்றும் வெளிப்படுமாயின், அவற்றிற்குரிய இடம் திரையில் ஒழிந்து கிடக்கின்றது. வார்ப்பில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டுவதில்லை.